கடல் ஏன் ஏறி இறங்குகிறது? மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் பள்ளி மாணவர்களுக்கும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் உள்ளவர்களுக்கும் தொலைநோக்கியில் நிலவைக் காட்டும் மாலைக் கூட்டங்களில், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடலில் போய் நிற்கிறது. கடலை ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பார்க்க வாய்ப்பில்லாத பிள்ளைகள்தான் இதில் அதிகம் கேட்கிறார்கள். உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதி, விடைகளைத் தொகுத்திருக்கிறேன்.

கடல் ஏறி இறங்குவதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பல. சில முற்றிலும் தள்ளப்பட்டவை. சில பாதி சரியானவை. சில இன்றும் பாடநூல்களில் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் நிற்பவை. ஒரு விளக்கம் எந்த இடத்தில் தோற்றது என்று தெரிந்தால்தான் இன்னொன்று ஏன் நிலைத்தது என்பது விளங்கும். ஆகவே தோற்றுப்போன விளக்கங்களுக்கும் இங்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

கடல்ல எப்பவுமே அலை வந்துக்கிட்டுத்தானே இருக்கு? ஓதம்னு தனியா எதைச் சொல்றீங்க?

கரையில் சில விநாடிகளுக்கு ஒருமுறை வந்து மோதுவது காற்று எழுப்பும் அலை. ஓதம் என்பது கடலின் நீர்மட்டமே ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஏறி, அடுத்த ஆறு மணி நேரம் இறங்குவது. ஏறி முடிந்த நிலையை உயர் ஓதம் என்றும், இறங்கி முடிந்த நிலையைத் தாழ் ஓதம் என்றும் சொல்கிறோம். அடுத்தடுத்த இரண்டு உயர் ஓதங்களுக்கு இடையே சராசரியாக 12 மணி 25 நிமிடம் ஆகிறது. இந்த 25 நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சில விளக்கங்கள் சறுக்கி விழுவது இங்கேதான்.

நிலாதான் காரணம்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றாங்க? யாராவது நேர்ல பார்த்தாங்களா?

காரணத்தை யாரும் நேரில் பார்க்கவில்லை, கணக்குத்தான் காட்டிக்கொடுத்தது. நிலவு ஒருநாள் உச்சியைக் கடந்து மறுநாள் மீண்டும் உச்சிக்கு வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அதில் சரிபாதி 12 மணி 25 நிமிடம். சூரியனை ஒட்டி ஓடும் நம் கடிகாரத்தில் உயர் ஓதம் நாளுக்கு 50 நிமிடம் பிந்துகிறது. நிலவும் அதே 50 நிமிடம் பிந்துகிறது. ஒரு கரையில் ஒரு மாதம் நின்று குறித்து வைத்தவர் எவருக்கும் இந்த ஒற்றுமை புலப்படாமல் போகாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கரைகளைச் சுற்றிய கிரேக்க மாலுமி பித்தியாஸ் ஓதத்தை நிலவோடு தொடர்புபடுத்தியதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறியது என்பதால் அங்கேயே இருந்தவர்களுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை; கி.மு. 325ல் சிந்து நதி முகத்துவாரத்தில் நீர் வடிந்து படகுகள் தரைதட்டியபோது அலெக்சாந்தரின் படை திகைத்தது அதனால்தான்.

நிலவின் இந்த ஓட்டம் நமக்கு அந்நியமானது அன்று. உதகையை அடுத்த முத்தோரையில் 1970ல் அமைக்கப்பட்ட 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியின் தொடக்க காலப் பணியே, நிலவு தன் பாதையில் எந்த ரேடியோ மூலத்தை (ரேடியோ அலை வீசும் விண்பொருளை) எந்த நேரத்தில் மறைக்கிறது என்று பார்த்து அந்த மூலத்தின் இடத்தையும் அளவையும் கணிப்பதாக இருந்தது. நிலவின் இருப்பிடம் விநாடிக் கணக்கில் தெரிந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

நிலா வெளிச்சத்துல தண்ணி சூடாகிப் பொங்குதுன்னு எங்க தாத்தா சொல்வார். அது தப்பா?

உங்கள் தாத்தாவுக்குப் பெரிய துணை இருக்கிறது. கடலின் நீர் உண்மையில் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை; கொப்பரையில் காய்ச்சிய நீர் விரிவதைப்போல, வளரும் நிலவால் கடல்நீர் விரிகிறது என்று விஷ்ணு புராணம் சொல்கிறது. ஏற்ற இறக்கத்தின் அளவு 510 அங்குலம் என்றும் குறிக்கிறது. ஓர் அங்குலத்தை இரண்டு செ.மீ. அளவில் கொண்டால் அது ஏறத்தாழ 10 மீட்டர். நம் கிழக்குக் கரைக்கு இது சற்றும் பொருந்தாது. ஆனால் குஜராத்தின் காம்பே வளைகுடாவுக்குப் பொருந்துகிறது என்பது என்னை வியக்க வைத்தது. 13ஆம் நூற்றாண்டில் பாரசீக அறிஞர் அல்-கஸ்வினியும் சூரியனும் நிலவும் நீரைச் சூடாக்கி விரியச் செய்வதாகவே எழுதினார்.

விளக்கம் அழகானது, ஆனால் ஒரே ஒரு நாள் அதைக் கவிழ்த்துவிடுகிறது. அமாவாசையன்று நிலவொளி பூமிக்கு வருவதே இல்லை. ஆயினும் அன்றை ஒட்டி வரும் ஓதம் பௌர்ணமி ஓதத்துக்குச் சமமாகப் பெரியது. ஒளியோ சூடோ காரணமாக இருந்தால் இது நடக்காது.

கலிலியோவே நிலாவுக்கும் ஓதத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொன்னாராமே, அவ்வளவு பெரிய விஞ்ஞானி எப்படி அப்படிச் சொன்னார்?

சொன்னார், அதையும் பிடிவாதமாகச் சொன்னார். 1616ல் ஒரு கடிதக் கட்டுரையாகவும், பின்னர் 1632ல் வெளியிட்ட உரையாடல் நூலின் கடைசிப் பகுதியிலும் அவர் வைத்த வாதம் இது. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது, சூரியனையும் சுற்றுகிறது. நள்ளிரவுப் பக்கத்தில் இரண்டு இயக்கங்களும் ஒரே திசையில் சேர்வதால் வேகம் கூடுகிறது; நண்பகல் பக்கத்தில் எதிரெதிராக இருப்பதால் வேகம் குறைகிறது. வெனிஸ் நகருக்கு நன்னீர் ஏற்றிவரும் படகு வேகம் மாறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் நீர் முன்னும் பின்னும் சாய்வதை அவர் எடுத்துக்காட்டினார். கடலும் அப்படித்தான் சாய்கிறது என்பது அவர் முடிவு. பூமி அசைகிறது என்பதற்கு அவர் கையில் வைத்திருந்த பெரிய சான்றே இதுதான் என்பதால் அதைக் கைவிட அவருக்கு மனமில்லை.

இந்த விளக்கம் நாளுக்கு ஒரே ஓதத்தைத் தரும், அதுவும் தினமும் ஒரே நேரத்தில். இரண்டு ஓதங்கள் வருவதைக் கடற்பள்ளங்களின், அதாவது கடல்நீரைத் தாங்கி நிற்கும் பெரும்பள்ளங்களின், நீளம், ஆழம் ஆகியவற்றால் அவர் சமாளிக்கப் பார்த்தார். ஆனால் முதல் விடையில் சொன்ன 25 நிமிடத்துக்கு அவரிடம் பதிலே இல்லை. நிலவு கடல்நீரை இழுக்கிறது என்று 1609லேயே எழுதிய ஜெர்மானிய வானியலாளர் கெப்லரை, மறைபொருள் சக்திகளுக்குக் காது கொடுத்துவிட்டார் என்று அவர் குறைசொன்னார். தொடாமல் தூரத்திலிருந்து ஒன்று மற்றொன்றை இழுப்பது என்பது அக்காலத்தில் சோதிடத்தின் பேச்சாகவே பட்டது. அதை ஒதுக்கியது அறியாமையால் அன்று, அளவுக்கு மீறிய எச்சரிக்கையால் என்பதே என் கருத்து. கடற்பள்ளத்தின் வடிவம் முக்கியம் என்று அவர் சொன்னது மட்டும் வீண்போகவில்லை. கீழே அது திரும்ப வரும்.

நியூட்டன் வந்ததும் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?

இல்லை. 1687ல் நியூட்டன் ஈர்ப்பு விதியால் ஓதத்தை விளக்கிய பிறகும், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்த்தின் சுழல் கொள்கை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது. வானவெளி முழுவதும் நுண்பொருள் நிரம்பியிருக்கிறது, பூமிக்கும் நிலவுக்கும் இடையே அது நெருக்கப்படுவதால் நிலவுக்கு நேர்கீழே கடல் அமுக்கப்படுகிறது என்பது அக்கொள்கை. அதன்படி நிலவு உச்சியில் இருக்கும்போது தாழ் ஓதம் வரவேண்டும். ஓதத்தைப் பற்றி 1740ல் பாரிஸ் அறிவியல் கழகம் பரிசளித்தபோது, ஈர்ப்பை ஏற்ற கணித அறிஞர்கள் டேனியல் பெர்னூலி, ஆய்லர், மெக்லாரின் மூவரோடு, சுழல் கொள்கையை வைத்து எழுதிய கவல்லேரி என்ற பாதிரியாரும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

நியூட்டனின் கணக்கிலும் குறை இருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பக்கத்து ஓத அளவுகளை வைத்து, நிலவின் பங்கு சூரியனின் பங்கைப்போல் ஏறத்தாழ நாலரை மடங்கு என்றார். உண்மையில் அது இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். முகத்துவாரத்தின் வடிவம் அளவைத் திரித்துவிட்டது. கொள்கை சரியாக இருந்தும் எண் தவறிய இடம் இது.

நிலா இழுத்தா நிலாப் பக்கம் தண்ணி ஏறணும், சரி. எதிர்ப் பக்கம் ஏன் ஏறுது டீச்சர்?

எல்லாக் கேள்விகளிலும் சிறந்த கேள்வி இதுதான். கெப்லரின் விளக்கம் போதாமல் போனதும் இங்கேதான். நிலவு கடலை மட்டும் இழுப்பதில்லை, பூமி முழுவதையும் இழுக்கிறது. ஆனால் எல்லா இடத்தையும் ஒரே அளவில் இழுப்பதில்லை. நிலவின் சராசரித் தொலைவு பூமியின் மையத்திலிருந்து 3,84,400 கி.மீ. நிலவை நோக்கிய பக்கம் சுமார் 6,400 கி.மீ. அருகில் இருக்கிறது, எதிர்ப்பக்கம் அதே அளவு தள்ளியிருக்கிறது. ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கேற்பக் குறைவதால், அருகிலுள்ள பக்கத்தின் மீதான இழுப்பு மையத்தின் மீதானதைவிடச் சுமார் 3.4 சதவீதம் அதிகம். எதிர்ப்பக்கத்தின் மீதானது சுமார் 3.2 சதவீதம் குறைவு.

பூமி மொத்தமாக அந்த மைய அளவு இழுப்புக்கு உட்பட்டு நகர்கிறது. அருகிலுள்ள கடல் அதைவிட அதிகமாக இழுக்கப்படுவதால் பூமியை முந்த முயல்கிறது. எதிர்ப்பக்கக் கடல் குறைவாக இழுக்கப்படுவதால் பின்தங்குகிறது. பூமியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டுமே மையத்திலிருந்து விலகுவதாகத்தான் தெரியும். ஓதத்தை உண்டாக்குவது இழுப்பின் அளவு அன்று, இடத்துக்கு இடம் அதில் இருக்கும் வேறுபாடு. இந்த ஒரு வரி பிடிபட்டுவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

எங்க புத்தகத்துல எதிர்ப் பக்கத்து ஓதத்துக்கு மையவிலக்கு விசைதான் காரணம்னு போட்டிருக்கு. நீங்க வேற மாதிரி சொல்றீங்களே, எது சரி?

இரண்டையும் சரியாகச் சொன்னால் இரண்டும் ஒன்றே. ஆனால் மையவிலக்கு விளக்கத்தைப் பெரும்பாலும் தவறாகவே சொல்கிறார்கள். பூமியும் நிலவும் ஒரு பொது நிறை மையத்தைச் சுற்றுகின்றன. அது பூமியின் மையத்திலிருந்து சுமார் 4,670 கி.மீ. தொலைவில், தரைக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் புள்ளியை அச்சாக வைத்துப் பூமி சக்கரம்போல் சுழல்வதாகவும், எதிர்ப்பக்கம் அச்சிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பதால் அங்கே நீர் வெளியே வீசப்படுவதாகவும் படம் போடுகிறார்கள். பிழை அந்தப் படத்தில்தான்.

பூமியின் அன்றாடச் சுழற்சியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால், பொது மையத்தைச் சுற்றும் இயக்கத்தில் பூமி தன் திசையைத் திருப்பிக்கொள்வதில்லை. அதன் ஒவ்வொரு புள்ளியும், உதகையும் பசிபிக் கடலின் நடுவும் பூமியின் மையமும், 4,670 கி.மீ. ஆரமுள்ள ஒரே அளவு வட்டத்தைத்தான் போடுகின்றன. ஆகவே மையவிலக்கு விசை எங்கும் ஒரே அளவு, ஒரே திசை. எங்கும் சமமாக இருக்கும் விசை நீரை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தாது. அந்தச் சமமான விசையை இடத்துக்கு இடம் மாறும் நிலவின் ஈர்ப்பிலிருந்து கழித்தால், முந்தைய விடையில் கிடைத்த அதே வேறுபாடு மிஞ்சுகிறது. நிலவைச் சுற்றாமல் நேராக அதை நோக்கி விழும் ஒரு பூமியிலும் இரண்டு பக்கமும் ஓதம் எழும். அங்கே சுற்றும் இல்லை, மையவிலக்கும் இல்லை. எனக்கு வேறுபாட்டு விளக்கம் மேலானதாகப் படுவது இதனால்தான். தேர்வில் மையவிலக்கு என்று எழுதிய பிள்ளையை நான் குறைசொல்ல மாட்டேன். எதிர்ப்பக்கத்தில் அது அதிகம் என்று எழுதினால் மட்டும் திருத்துவேன்.

சூரியன் நிலாவைவிட எவ்வளவோ பெருசு. அப்ப சூரியன்தானே அதிகமா இழுக்கணும்?

சூரியன் பூமியை இழுக்கும் இழுப்பு நிலவின் இழுப்பைப்போல் சுமார் 180 மடங்கு; நீங்கள் சொல்வது அந்த அளவில் உண்மை. ஆனால் ஓதத்துக்கு வேண்டியது வேறுபாடு. வேறுபாடு தொலைவின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. சூரியனின் நிறை நிலவைப்போல் 2.7 கோடி மடங்கு. தொலைவு ஏறத்தாழ 390 மடங்கு. 390ஐ மூன்று முறை பெருக்கினால் 5.9 கோடி வரும். 2.7ஐ 5.9ஆல் வகுத்தால் 0.46. நிலவின் ஓத ஆற்றலில் சூரியனுடையது 46 சதவீதம்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கரும்பலகையில் இதைச் செய்யச் சொல்லுங்கள்; இரண்டு வரிக் கணக்கில் ஒரு பெரிய சந்தேகம் தீருவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும்.

அப்ப ஊட்டி ஏரியில ஏன் ஓதம் இல்ல? அதுவும் தண்ணிதானே?

உண்டு, கண்ணுக்குத் தெரியாது. நிலவு நீரை மேலே தூக்குகிறது என்ற எண்ணமே இங்கே தடை. நேர்மேலான ஓத விசை பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ 90 லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய விசையால் ஒரு டம்ளர் நீரைக்கூடக் கண்ணுக்குத் தெரியும்படி உயர்த்த முடியாது. கடல் எழுவதற்குக் காரணம் அந்த விசையின் பக்கவாட்டுக் கூறு. நிலவு தலைக்கு நேரே இல்லாத இடங்களில் ஓத விசை சாய்வாக அமைந்து, நீரைத் தரைக்கு இணையாக நகர்த்துகிறது. அந்தத் திசையில் பூமியின் ஈர்ப்பு அதைத் தடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள பெருங்கடல் முழுவதிலிருந்தும் நீர் சிறிது சிறிதாக நகர்ந்து ஓரிடத்தில் சேர்வதுதான் ஏற்றம்.

ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டப்பட்ட உதகை ஏரி சுமார் இரண்டரை கி.மீ. நீளம். அதன் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஓதத்தால் வரக்கூடிய மட்ட வேறுபாடு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. படகுத்துறையில் ஒரு மிதிபடகு நகரும்போது எழும் நீர்வரி அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்களுக்கும் இதே நிலைதான். வட அமெரிக்காவின் பேரேரிகளிலேயே ஓதம் ஐந்து செ.மீ.க்கு உட்பட்டதுதான்.

தொட்டபெட்டா உச்சியில நின்னா நிலாவுக்குப் பக்கம். அங்க இழுப்பு அதிகமா இருக்காதா?

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். நிலவின் தொலைவில் அது ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு அளவே. மலை ஏறாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும், பூமி சுழல்வதால் நீங்கள் ஒரே நாளில் நிலவுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அருகில் போய்த் திரும்புகிறீர்கள்.

போன லீவுல ராமேஸ்வரத்துல பார்த்தேன். நிலா நேர் உச்சியில இருந்தப்ப கடல் ஏறவே இல்லையே?

நீங்கள் பார்த்ததில் பிழையில்லை. நிலவுக்கு நேர்கீழே ஒரு வீக்கம், எதிரே ஒரு வீக்கம், நடுவில் பூமி சுழல்கிறது என்று பாடநூல் போடும் படம் விசையின் படம்; கடலின் படம் அன்று. நிலநடுக்கோட்டில் நிலவின் நேர்கீழ்ப் புள்ளி விநாடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தில் மேற்கே ஓடுகிறது. நீர்மட்ட ஏற்றம் கடலில் பரவும் வேகம் ஆழத்தைப் பொறுத்தது; நான்கு கி.மீ. ஆழமுள்ள பெருங்கடலில் அது விநாடிக்குச் சுமார் 200 மீட்டர்தான். நிலவோடு சேர்ந்து ஓட வேண்டுமானால் கடல் 20 கி.மீ.க்கும் அதிக ஆழமாக இருந்தாக வேண்டும். போதாததற்குக் கண்டங்கள் வழியை மறிக்கின்றன.

இதைக் கணக்கில் முதலில் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ். 1770களில் அவர் எழுதிய சமன்பாடுகள் இன்றைய கணினிக் கணிப்புகளுக்கும் அடிப்படை. நிலவு ஒரு தாளத்தில் உந்துகிறது. ஒவ்வொரு கடற்பள்ளமும் தன் வடிவத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்ப அதற்கு எதிர்வினை செய்கிறது. பூமியின் சுழற்சியால் ஓதம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழன்று வருகிறது. அந்தப் புள்ளியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எனவே நிலவு உச்சியைக் கடந்து எத்தனை மணி கழித்து உயர் ஓதம் வரும் என்பது துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபடும். ஆனால் ஒரே துறைமுகத்தில் ஏறத்தாழ மாறாது. சில இடங்களில் நிலவு உச்சியில் இருக்கும்போது தாழ் ஓதமே வரும். டெகார்த்தின் கொள்கை அத்தனை காலம் நீடித்ததற்கு இதுவும் உதவியிருக்க வேண்டும். கரையில் நின்று ஒரே ஒருநாள் பார்த்தவரால் நியூட்டன், டெகார்த் இருவரில் யாரையும் மறுத்திருக்க முடியாது.

ஒரே நிலாதானே? சென்னையில ஒரு மீட்டர், குஜராத்துல பத்து மீட்டர்னு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஊஞ்சலை அதன் போக்கிலேயே சிறிது சிறிதாகத் தள்ளினால் உயரப் போகும், போக்குக்கு மாறாகத் தள்ளினால் நின்றுவிடும். கடற்பள்ளத்துக்கும் அப்படி ஒரு சொந்தக் கால அளவு உண்டு. அது பன்னிரண்டரை மணிக்கு அருகில் இருந்தால் ஓதம் பெருகும். இதை ஒத்ததிர்வு என்கிறோம். நடுக்கடலில் நிலவின் விசை மட்டும் தரக்கூடிய ஏற்ற இறக்கம் ஏறத்தாழ அரை மீட்டர்தான். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது 16 மீட்டர் வரை போவது ஒத்ததிர்வால். காம்பே வளைகுடாவில் அகன்ற வாய் உள்ளே போகப் போகக் குறுகி ஆழமும் குறைவதால் நீர் நெருக்கப்பட்டு உயர்கிறது. அங்குள்ள பாவ்நகர் துறைமுகத்தில், தாழ் ஓதத்தில் கப்பல் தரைதட்டாமல் இருக்க, நீரைக் கதவு போட்டு உள்ளே தேக்கி வைக்கிறார்கள். சென்னைக் கரை திறந்த கரை. பெரிய ஓதத்திலும் வேறுபாடு ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. கலிலியோ வலியுறுத்திய கடற்பள்ளத்தின் வடிவம் இங்கேதான் தன் உரிய இடத்தைப் பெறுகிறது.

எல்லா ஊர்லயும் நாளுக்கு ரெண்டு ஓதமா?

இல்லை. வியட்நாமின் டோங்கின் வளைகுடாவில் நாளுக்கு ஒன்றுதான். நியூட்டனே தம் நூலில் அதை எடுத்துப் பேசினார். நிலவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ விலகியிருக்கும்போது ஒருநாளின் இரண்டு ஓதங்களும் சமமாக இருப்பதில்லை. சில கடற்பள்ளங்கள் நாளுக்கு ஒருமுறை வரும் உந்தலுக்கே அதிகம் இசைகின்றன. பசிபிக் கடலின் டஹிட்டித் தீவு இன்னும் விந்தையானது. ராமேஸ்வரம் கேள்விக்கான விடையில் சொன்ன, நிலவின் ஓதம் அற்ற புள்ளிக்கு அருகே அது இருப்பதால், சூரியனின் ஓதமே அங்கு மேலோங்கி, உயர் ஓதம் தினமும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வருகிறது. கலிலியோ டஹிட்டியில் பிறந்திருந்தால் அவர் கொள்கையை மறுப்பது இன்னும் கடினமாகியிருக்கும்.

அமாவாசையன்னிக்குக் கடல் பெருகும்னு சொல்றீங்க. ஆனா கன்னியாகுமரியில அன்னிக்குத்தான் கடல் உள்வாங்கிடுச்சுன்னு படகை நிறுத்திட்டாங்க. ஏன்?

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் பூமியும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்பதால், இரண்டு ஓதங்களும் கூடுகின்றன. நிலவின் பங்கை 1 என்று கொண்டால் மொத்தம் 1.46. அஷ்டமியை ஒட்டி இரண்டும் ஒன்றையொன்று குறைப்பதால் 0.54. அதாவது பெரிய ஓதம் சிறிய ஓதத்தைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு. பெரிய ஓதம் என்றால் ஏற்றம் மட்டும் பெரியதன்று. நீர் எவ்வளவு அதிகமாக ஏறுகிறதோ அவ்வளவு அதிகமாக இறங்கவும் செய்யும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுகள் நிறுத்தப்படுவதற்கும், திருச்செந்தூரில் பாறைகள் வெளியே தெரிவதற்கும் காரணம் அந்த ஆழ்ந்த இறக்கம். அதே நாளில் ஆறு மணி நேரம் கழித்து அங்கே போனால் நீர் வழக்கத்தைவிட மேலே நிற்கும். அதைச் செய்தியாக யாரும் எழுதுவதில்லை.

பெரிய ஓதம் சரியாக அமாவாசையன்றே உச்சத்தை எட்ட வேண்டும் என்பதும் இல்லை. பல இடங்களில் ஒன்றிரண்டு நாள் பிந்தும். நிலவு பூமிக்கு அண்மையில் வரும் நாளோடு பௌர்ணமி சேர்ந்தால் இன்னும் கூடும். அண்மை நிலையின் ஓத விசை சேய்மை நிலையினதைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம்.

2004 சுனாமி வந்ததும் பௌர்ணமியன்னிக்குத்தானே?

ஆம், 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள்தான். ஆனால் சுனாமிக்குக் காரணம் அன்று காலை இந்திய நேரப்படி 6:29 மணியளவில் சுமத்ரா அருகே கடற்தரை பெயர்ந்த பெரும் நிலநடுக்கம். பாறைத்தட்டுகளில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம் அன்று விடுபட்டது. உடையும் நிலைக்கு வந்துவிட்ட பாறைப்பிளவில் ஓத விசை மிகச் சிறிய அளவில் நேரத்தை முன்பின்னாக்கலாம் என்ற ஆய்வுகள் உண்டு. அதை வைத்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அஞ்சுவதற்கு இடமில்லை. பௌர்ணமி ஆண்டுக்குப் பன்னிரண்டு முறைக்குக் குறையாமல் வருகிறது. இந்தப் புரளி கைபேசியில் சுற்றும்போதெல்லாம் கரையில் உறவினர் உள்ள குடும்பங்கள் தூக்கமிழப்பதை நான் அறிவேன். தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள்.

காற்றும் மழையும் இல்லாத நாளில் கேரளத்திலும் நம் தென்கரையிலும் திடீரென்று கடல் உள்ளே புகும் கள்ளக்கடலும் ஓதம் அன்று. தொலைவில் தென்பெருங்கடலில் புயல்கள் எழுப்பிய நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து கரையை அடைவதே அது. உயர் ஓதத்தோடு அது சேரும் வேளைதான் ஆபத்தானது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் முன்னெச்சரிக்கை தரும் நாளில் கரையில் இறங்காதிருப்பது நல்லது.

நம்ம உடம்புலயும் முக்கால்வாசி தண்ணிதானே? நிலா நம்மளையும் இழுக்காதா?

உதகை ஏரிக்குச் சொன்ன விடையே இதற்கும். தலைக்கும் காலுக்கும் இடையே இருப்பது ஒன்றரை இரண்டு மீட்டர். அந்தத் தூரத்தில் நிலவின் இழுப்பில் வரும் வேறுபாடு உங்கள் எடையில் சுமார் முப்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு. நீர் என்பதாலும் தனிச் சலுகை இல்லை. ஈர்ப்பு நீரையும் எலும்பையும் பாறையையும் ஒன்றுபோலவே நடத்துகிறது.

அப்படின்னா பாறையும் ஏறி இறங்குமா? நாம நிக்கிற மலையும்?

ஆம். நாம் நிற்கும் மலையும் நாளுக்கு இருமுறை ஏறத்தாழ ஓர் அடி உயர்ந்து தாழ்கிறது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தரை முழுவதும் சேர்ந்தே உயர்வதால் எதையும் உணர முடிவதில்லை. ஜெனீவா அருகே 27 கி.மீ. சுற்றளவில் நிலத்தடியில் அமைந்த துகள் முடுக்கி வளையம், இந்த ஓதத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீண்டு சுருங்குவதைக் கண்டு, அதைக் கணக்கில் சேர்த்த பிறகே ஆய்வாளர்களால் துல்லியமான முடிவு எடுக்க முடிந்தது.

காத்துக்கும் ஓதம் உண்டாமே? அதை இங்கேயே பார்க்கலாமா?

பார்க்கலாம், மலையில் உள்ள நமக்கு இதுதான் கைக்கெட்டும் ஓதம். பழைய தோட்டத்துப் பங்களாக்களில் சுவரில் மாட்டியிருக்கும் காற்றழுத்தமானி போதும். அழுத்த உணரி உள்ள கைபேசியும் போதும். வானிலை அமைதியாக உள்ள நாட்களில், பிப்ரவரி, மார்ச் வாக்கில், இரண்டு மணிக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். காலை பத்து மணியளவில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். மாலை நான்கு மணியளவில் தாழும். இரவு பத்து மணிக்கு மீண்டும் ஏறும். விடியற்காலை நான்கு மணிக்கு மீண்டும் தாழும். வேறுபாடு ஒன்றிரண்டு மில்லிபார்தான். ஆனால் முள் நாள்தோறும் தவறாமல் அதைக் காட்டும். உயரம் காட்டும் கைக்கடிகாரம் கட்டியவர்கள், உட்கார்ந்த இடத்திலேயே மாலையில் பத்துப் பதினைந்து மீட்டர் ஏறிவிட்டதாக அது காட்டுவதைக் கவனித்திருப்பார்கள்.

இந்த நேரங்கள் நாளுக்கு 50 நிமிடம் பிந்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே இதற்குக் காரணம் நிலவு இல்லை, சூரியன். அதுவும் ஈர்ப்பால் அன்று. மேல் வளிமண்டலத்து ஓசோனும் கீழ் வளிமண்டலத்து நீராவியும் சூரிய ஒளியை உள்வாங்கிச் சூடாவதால். வெப்பம் ஒருமுறைதானே, ஏற்றம் ஏன் இருமுறை என்பது நெடுநாள் புதிராக இருந்தது. காற்றுமண்டலத்துக்குப் பன்னிரண்டு மணி நேரச் சொந்தத் தாளம் உண்டு, அதனால் ஒத்ததிர்வு ஏற்படுகிறது என்று 1882ல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் கெல்வின் சொன்னார், அது நிலைக்கவில்லை. 1960களில்தான் ஓசோன், நீராவி விளக்கம் உறுதிப்பட்டது. கடலுக்குத் தோற்ற வெப்ப விளக்கம், காற்றுக்கு வென்றுவிட்டது.

காரணத்துல இவ்வளவு சிக்கல் இருந்தா, ஓதம் எப்ப வரும்னு அட்டவணை மட்டும் எப்படிச் சரியாப் போடுறாங்க?

ஒரு துறைமுகத்தின் ஓதத்தைக் கணிக்க அந்தக் கடற்பள்ளத்தின் வடிவம் முழுதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நிலவு, சூரியன் ஆகியவற்றின் இயக்கத்திலிருந்து எந்தெந்தத் தாளங்கள் வரும் என்பது வானியலால் தெரியும்: 12.42 மணி, 12 மணி, 23.93 மணி, 25.82 மணி எனப் பல. அந்தத் துறைமுகத்தில் ஒவ்வொரு தாளமும் எவ்வளவு உயரம், எவ்வளவு தாமதம் என்பதைப் பழைய அளவுகளிலிருந்து பிரித்தெடுத்து, மீண்டும் கூட்டினால் வருங்காலம் கிடைத்துவிடும். கெல்வின் 1872ல் கப்பிகளும் சக்கரங்களும் கொண்ட ஓர் இயந்திரத்தால் இந்தக் கூட்டலைச் செய்துகாட்டினார். 1879ல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே அத்தகைய இயந்திரம் ஒன்று இலண்டனில் செய்யப்பட்டது. காரணத்தை வானத்திடமும் அளவைக் கரையிடமும் கேட்பது என்று இந்த முறையைச் சொல்லலாம்.

நிலா நம்மள விட்டு விலகிப் போகுதாமே? அதுக்கும் ஓதத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுகிறது. 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட எதிரொளிப்பான்களில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்து இதை அளந்திருக்கிறார்கள். ஓதநீர் கடற்தரையில் உராய்வதால் பூமியின் சுழற்சி மிக மெதுவாகக் குறைகிறது. பூமி இழக்கும் சுழற்சி உந்தம் நிலவின் பாதைக்குப் போய்ச் சேர்வதால் நிலவு வெளியே நகர்கிறது. உராய்வு பூமியை மெதுவாக்கும் என்று தத்துவ அறிஞர் காண்ட் 1754லேயே எழுதினார். நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மில்லி விநாடி கூடிக்கொண்டிருக்கிறது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளப் புதைபடிவங்களில் நாள்தோறும் சேர்ந்த வளர்ச்சி வரிகளை எண்ணிய ஜான் வெல்ஸ், அன்று ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 நாட்கள் இருந்ததாக 1963ல் அறிவித்தார்.

இப்பவும் தீராத விவாதம் ஏதாவது மிச்சம் இருக்கா?

இழுப்பின் வேறுபாடே காரணம் என்பதில் விவாதம் இல்லை. அந்த ஆற்றல் கடைசியில் எங்கே செலவாகிறது என்பதில் நெடுநாள் விவாதம் இருந்தது. கரையோர ஆழமற்ற கடல்களின் உராய்விலேயே ஏறத்தாழ முழுவதும் கரைகிறது என்பது 1920 முதல் நிலவிய கருத்து. செயற்கைக்கோள் கடல்மட்டத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கத் தொடங்கிய பிறகு, 2000ல் வெளியான கணக்கு, 25 முதல் 30 சதவீதம் ஆழ்கடலில் செலவாவதாகக் காட்டியது. கடலடி மலைத்தொடர்கள் மீது ஓதநீர் ஏறி இறங்கும்போது, மேற்பரப்பில் தெரியாத உள்ளலைகள் எழுந்து, அடியிலுள்ள குளிர்நீரை மேல்நீரோடு கலக்கின்றன. அந்தக் கலப்பு எந்த மலைத்தொடரில் எவ்வளவு நடக்கிறது, பெருங்கடல் நீரோட்டங்களுக்கு அது எவ்வளவு ஆற்றல் தருகிறது என்பதைத்தான் இன்று கப்பல்களிலிருந்து கருவிகளை இறக்கி அளந்துகொண்டிருக்கிறார்கள்.